லிக்னின் குறைந்த மரங்கள்: ஆதாயம் ஆலைக்கு, இடர் யாருக்கு?

புதுதில்லி: வெளுக்கப்பட்ட மரக்கூழ் ஒரு டன் வேண்டுமெனில், ஈரம் நீங்கிய நிலையில் இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட மரம் தேவைப்படுகிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி மட்டுமே காகிதமாகிறது. இழக்கப்படும் மறு பாதியில் முதன்மையானது லிக்னின் எனும் பொருள். மரத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்வது அதுவே. கூழ் ஆலையில் செலவாகும் வெப்பத்திலும் வேதிப்பொருள்களிலும் கணிசமான பங்கு, இந்த ஒரு பொருளை இழையிலிருந்து பிரிப்பதற்கே போகிறது. பிரிப்பதற்கு எளிதான மரத்தையே வளர்த்துவிட்டால் என்ன என்ற கேள்வி, 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களை ஈர்த்து வருகிறது.

அக்கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் அளித்துள்ள விடை இன்று பெருமளவு தெளிவாக உள்ளது: முடியும். ஆனால் காகித மரத்தைச் சிறு விவசாயிகள் தம் சொந்த நிலத்தில் வளர்த்து, எடை போட்டு விற்கும் இந்தியாவில், அத்தகைய மரத்தால் யாருக்கு எவ்வளவு பயன் கிடைக்கும், மரம் சாய்ந்தால் நட்டம் யாருடையது என்ற கேள்விகள் இன்னும் உரிய முறையில் எழுப்பப்படவில்லை.

வேகவைக்கும் கலையும் அதன் செலவும்

மரத்தின் உலர் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை செல்லுலோஸ் உள்ளது. காகிதத்துக்கு வேண்டியது இதுவே. 20 முதல் 30 விழுக்காடு வரை லிக்னின். எஞ்சியது பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸ். ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ல் டால் உருவாக்கிய கிராஃப்ட் முறையே இன்றும் உலகின் வேதிக்கூழில் மிகப்பெரும் பகுதியைத் தருகிறது. இம்முறையில் மரச் சில்லுகள், காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில், ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அழுத்தக் கலனுக்குள் வேகவைக்கப்படுகின்றன. லிக்னின் கரைந்து கரிய நிறத் திரவமாக வெளியேற, இழை எஞ்சுகிறது. அந்த இழையிலும் சிறிது லிக்னின் ஒட்டியிருக்கும். பொட்டலத் தாளின் பழுப்பு நிறத்துக்கு அதுவே காரணம். எழுதும் தாளுக்கு அந்தப் பழுப்பை நீக்க வேண்டும் என்பதால் குளோரின் டை ஆக்சைடு போன்ற பொருள்களைக் கொண்டு கூழ் வெளுக்கப்படுகிறது. பழைய செய்தித்தாள் வெயிலில் கிடந்து மஞ்சளாவதும், அதில் நீக்கப்படாமல் விடப்பட்ட லிக்னினால்தான்.

கரிய திரவத்தைக் கழிவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆலைகள் அதைச் சுண்டச் செய்து, மீட்புக் கொதிகலனில் எரித்து, நீராவியும் மின்சாரமும் பெறுகின்றன. செலவிட்ட வேதிப்பொருள்களையும் அதிலிருந்தே மீட்டெடுக்கின்றன. ஆகவே லிக்னின் அறவே இல்லாத மரம் ஆலைகளுக்குக் கிடைத்தால், அவை வேறு எரிபொருளைத் தேட வேண்டியிருக்கும். அவற்றின் உண்மையான தேவை, ஓரளவு குறைந்த, எளிதில் கழன்றுவரும் லிக்னின். பல ஆலைகளில் மீட்புக் கொதிகலனின் கொள்ளளவே உற்பத்தியின் உச்சவரம்பாக உள்ளது. ஒரு டன் கூழுக்கு வெளியேறும் லிக்னின் குறைந்தால், புதிய கொதிகலன் கட்டாமலேயே கூடுதல் கூழ் எடுக்கலாம். முதலீட்டாளர்களின் கவனத்தை இத்துறை ஈர்ப்பதற்கு இந்தக் கணக்கு முக்கியக் காரணமாகும்.

லிக்னினிலும் வகைகள் உண்டு. அகன்ற இலை மரங்களில் அது 'எஸ்', 'ஜி' என்று குறிக்கப்படும் இரு வகை அலகுகளால் ஆனது. 'எஸ்' மிகுந்தால் பிணைப்புகள் எளிதில் அறும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பெரும்பாலும் 'ஜி' மட்டுமே உள்ளதால், அவற்றை வேகவைப்பது கடினம். எனவே அறிவியலாளர்கள் முயல்வது, லிக்னினின் அளவைக் குறைப்பதோடு அதன் இயல்பையும் மாற்றுவதற்கு.

முப்பது ஆண்டு முயற்சிகள்

தொடக்க கால ஆய்வுகள் ஐரோப்பாவில் பாப்லர் மரத்தில் நடைபெற்றன. லிக்னின் உருவாகும் பாதையில் 'சிஏடி' எனும் நொதியின் செயல்பாட்டைக் குறைத்த பாப்லர் மரங்கள், பிரான்சிலும் பிரிட்டனிலும் நான்கு ஆண்டுகள் திறந்த நிலத்தில் வளர்க்கப்பட்டன. மரங்கள் வழக்கம்போல் வளர்ந்தன; அவற்றின் கட்டை சிவந்த நிறம் பெற்றது; கூழாக்கக் குறைவான வேதிப்பொருளே போதுமானதாக இருந்தது. 2002இல் இம்முடிவுகள் வெளியாயின. அதற்கு முன்பே, 1999இல், பிரிட்டன் நிலத்தில் நின்ற மரங்களை எதிர்ப்பாளர்கள் வெட்டிச் சாய்த்துவிட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1999ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் சியாங் தலைமையிலான குழு, லிக்னின் 45 விழுக்காடு குறைந்த ஆஸ்பன் மரங்களை உருவாக்கியது. அவற்றில் செல்லுலோஸ் 15 விழுக்காடு கூடியிருந்தது. இயற்கையும் இத்தகைய மாற்றத்தைத் தானே செய்துள்ளது. 'சிஏடி' நொதி ஏறக்குறைய செயலிழந்த லாப்லாலி பைன் மரம் ஒன்றை 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினர். பழுப்புக் கட்டை கொண்ட அம்மரத்தில் எந்த ஆய்வாளரின் கையும் பட்டிருக்கவில்லை.

2014இல் வேறொரு வழி முன்வைக்கப்பட்டது. சீன மருத்துவத்தில் பயன்படும் ஆஞ்செலிகா செடியின் மரபணு ஒன்றைப் பாப்லரில் சேர்த்து, லிக்னின் சங்கிலியின் இடையிடையே எளிதில் அறுபடும் பிணைப்புகளை அமெரிக்க, கனடா அறிவியலாளர்கள் புகுத்தினர். பையின் தையலைப் பிரிப்பதைவிட ஜிப்பைத் திறப்பது எளிது என்பதால், இதற்கு 'ஜிப் லிக்னின்' என்று பெயரிட்டனர்.

பரவலாகப் பேசப்பட்டது 2023 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வெளியான வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாகும். லிக்னினோடு தொடர்புடைய 21 மரபணுக்களை எந்தெந்தச் சேர்க்கையில் திருத்தலாம் என்று ஏறத்தாழ 70,000 வழிகளைக் கணினி மாதிரி மூலம் ஆராய்ந்த அக்குழு, ஏழு வழிகளைத் தேர்ந்தெடுத்து, கிரிஸ்பர் தொழில்நுட்பத்தின் மூலம் 174 பாப்லர் வரிசைகளை உருவாக்கியது. சிலவற்றில் லிக்னின் பாதியாகக் குறைந்தது. வேறு சிலவற்றில் லிக்னினுக்கு எதிரான மாவுப்பொருள் விகிதம் 228 விழுக்காடு உயர்ந்தது. இத்தகைய மரம் பெருமளவில் கிடைத்தால் ஓர் ஆலை 40 விழுக்காடு வரை கூடுதல் இழை பெறலாம், பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தை 20 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

தலைப்புச் செய்தியானவை இந்த எண்களே. அம்மரங்கள் வளர்ந்தது பசுமைக்குடிலுக்குள் என்பதும், வயது ஆறு மாதம் என்பதும் பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பத்திக்குச் சென்றன. 40, 20 ஆகிய இரு விழுக்காடுகளும் கணக்கீட்டின் வழி வந்தவை; எந்த ஆலையிலும் அளந்தவை அல்ல.

காற்று வீசும் நிலத்தில்

பசுமைக்குடிலில் காற்று இல்லை, வறட்சி இல்லை. வெளியே நட்டபோது கிடைத்த அனுபவம் கலவையானது. பெல்ஜியத்தில் 'சிசிஆர்' எனும் நொதி குறைக்கப்பட்ட பாப்லர்களை நிலத்தில் நடுவதற்கே ஆய்வு நிறுவனம் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2009இல் நடப்பட்ட அம்மரங்களின் கட்டையில் மாற்றம் சீராக நிகழாமல், திட்டுத் திட்டாகச் சிவப்பு நிறம் தென்பட்டது. சர்க்கரையைப் பிரித்தெடுப்பது எளிதாயிற்று. ஆனால் லிக்னின் நன்கு குறைந்த மரங்களின் வளர்ச்சியும் குறைந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் திறந்த நிலத்தில் வளர்க்கப்பட்ட வேறொரு வகைப் பாப்லர்களில், லிக்னின் மிகவும் குறைந்தவை குட்டையாகிப் புதர்போல் நின்றன. கட்டையின் உறுதியும் விறைப்பும் தளர்ந்தன.

காரணம் எளியது. வேரிலிருந்து நீரை உறிஞ்சி மேலேற்றும் குழாய்களின் சுவரைத் தாங்குவது லிக்னின். அது மிகவும் மெலிந்தால், உறிஞ்சும் இழுவிசையில் குழாய் உள்நோக்கிச் சப்பிப்போகிறது. எல்லா மாற்றங்களும் இவ்விளைவைத் தருவதில்லை. ஐரோப்பாவின் 'சிஏடி' மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. கிரிஸ்பர் ஆய்வாளர்கள் ஒரே நேரத்தில் பல மரபணுக்களைத் திருத்துவதும், லிக்னினைக் குறைத்துக்கொண்டே வளர்ச்சியைக் காக்கும் சேர்க்கையைக் கண்டறிவதற்காகவே. ஆயினும் புயலும் வறட்சியும் மாறி மாறி வரும் ஒரு நிலத்தில், ஒரு முழு வெட்டுக்காலம் அம்மரம் தாங்கி நிற்குமா என்பதைக் கணினி மாதிரி சொல்லிவிட முடியாது.

பிரேசில் எடுத்த முடிவு

மரபணு மாற்றிய யூகலிப்டஸை வணிக நோக்கில் முதலில் அனுமதித்த நாடு பிரேசில். யூகலிப்டஸ் கூழ் உற்பத்தியில் உலகின் முன்னணியில் உள்ள சுசானோ நிறுவனத்தின் துணை நிறுவனமான ஃபியூச்சராஜீன் உருவாக்கிய மரத்துக்கு, அந்நாட்டின் உயிரிப் பாதுகாப்பு ஆணையம் 2015 ஏப்ரலில் ஒப்புதல் வழங்கியது. அது லிக்னின் குறைந்த மரம் அன்று. அரபிடோப்சிஸ் எனும் சிறு செடியின் மரபணுவைப் பெற்று, 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தருவதாகக் கூறப்பட்ட மரம். ஏழு ஆண்டுகளில் வெட்டுவதை ஐந்தரை ஆண்டுகளில் வெட்டலாம் என்பது அதன் விளம்பரம். ஒப்புதலுக்கு ஒரு மாதம் முன்பு, நிலமற்ற தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் சாவோ பாவுலோ மாநிலத்தின் இட்டாபெட்டினிங்கா நகரில் இருந்த அந்நிறுவன நாற்றங்காலுக்குள் புகுந்து கன்றுகளை அழித்தனர். தேனீ வளர்ப்போரும் எதிர்த்தனர். யூகலிப்டஸ் பூவே அவர்களது தேனுக்கு ஆதாரம். மரபணு மாற்றிய மகரந்தம் கலந்தால் இயற்கைத் தேன் என்ற சான்று பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர்.

பிரேசிலில் அடுத்தடுத்து ஒப்புதல் பெற்றவற்றுள், களைக்கொல்லியைத் தாங்கும் யூகலிப்டஸ் உண்டு. லிக்னினைப் பற்றிப் பேசிய தொழில்துறை, முதலில் சந்தைக்குக் கொண்டுவர முனைந்தது வேகமாக வளரும் மரத்தையும் களைக்கொல்லி தாங்கும் மரத்தையும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சந்தையிலும் ஒரு தடை உள்ளது. பொறுப்பான வனப் பராமரிப்புக்குச் சான்று வழங்கும் எஃப்எஸ்சி அமைப்பு, தன் சான்று பெற்ற தோட்டங்களில் மரபணு மாற்றிய மரங்களை அனுமதிப்பதில்லை. இதனை மறுபரிசீலனை செய்யும் நோக்கில் தொடங்கிய முயற்சியையும் 2023இல் அது நிறுத்திக்கொண்டது. ஏற்றுமதி செய்யும் இந்திய ஆலைகள் இச்சான்றையே நம்பியுள்ளன.

இந்தியாவின் காகித மரம் யாருடையது?

இந்தியக் காகித உற்பத்தியில் பெரும்பகுதி பழைய தாளை மறுசுழற்சி செய்து பெறப்படுகிறது. மரத்தைக் கொண்டு தயாராவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உயர்தர எழுது தாளும் அச்சுத் தாளும் பெரிதும் இப்பங்கைச் சார்ந்தவை. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை அரசுக் காடுகளிலிருந்து எடுக்காமல் விவசாயிகளுடன் இணைந்து பெற வேண்டும் என்று வகுத்தது. விளைவாக ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு, ஒடிசா எனப் பல மாநிலங்களில் பண்ணைக் காடுகள் பரவின. ஆந்திரம், தெலங்கானாவில் சூபாபுல், யூகலிப்டஸ். தமிழகக் கடலோரத்திலும் காவிரிப் படுகையிலும் சவுக்கு. கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் தயாரிப்பதற்காக நிறுவப்பட்ட கரூர் மாவட்டம் காகிதபுரம் ஆலையும் (டிஎன்பிஎல்) இன்று விவசாயிகளின் சவுக்கையும் தைல மரத்தையும் வாங்குகிறது.

ஆகவே இந்தியாவில் லிக்னின் ஆய்வு புதிதன்று. புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் சூபாபுல் மரத்தின் லிக்னின் மரபணுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளது. ஆயினும் பண்ணைக் காடுகளில் உண்மையான மாற்றத்தைக் கொணர்ந்தது மரபணுத் தொழில்நுட்பம் அன்று. நல்ல தாய்மரத்தைத் தேர்ந்து, அதன் போத்துகளைப் பதியமிட்டுப் பெருக்கும் எளிய முறையே. பத்ராசலத்தில் ஐடிசி நிறுவனம் பெருக்கிய யூகலிப்டஸ் வகைகள், விதைக் கன்றுகளைவிட இரு மடங்குக்கும் மேல் விளைந்தன. கோவையின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் கலப்பினச் சவுக்கு வகைகளை வெளியிட்டது.

இம்முறைக்கும் ஒரு விலை இருந்தது. ஒரே தாய்மரத்தின் நகல்கள் பல்லாயிரம் ஏக்கரில் நின்றபோது, இலை நரம்பில் முடிச்சுகளை உண்டாக்கும் சிறு குளவி ஒன்று 2000களில் தென்னிந்தியத் தைல மரத் தோட்டங்களில் நுழைந்து, எளிதில் தாக்கப்படும் வகைகளைச் சூறையாடியது. மரபணு திருத்திய மரமும் இதே நகல் முறையில்தான் பெருக்கப்படும்.

விலைக்கு வருவோம். ஆலைகள் விவசாயியிடமிருந்து பட்டை உரித்த மரத்தை டன் கணக்கில் வாங்குகின்றன. லிக்னின் எத்தனை விழுக்காடு என்பது அந்த விலையில் இடம்பெறுவதில்லை. லிக்னின் குறைந்த மரத்தால் வேதிப்பொருள், நீராவி, கொதிகலன் சுமை ஆகியவற்றில் கிடைக்கும் சேமிப்பு முழுவதும் ஆலையின் கணக்கில் சேரும். மரம் சற்றே மெதுவாக வளர்ந்தால், எடைக் குறைவு விவசாயியின் கணக்கில் விழும். 2011 டிசம்பர் இறுதியில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலிலும், 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலிலும் சவுக்குத் தோப்புகள் அடியோடு சாய்ந்தன. முழு லிக்னினோடு நின்ற மரங்களுக்கே அக்கதி. உறுதி குறைந்திருக்கக்கூடிய ஒரு வகையை அதே கடலோரத்தில் நடச் சொல்பவர், சாயும் மரத்துக்கான பொறுப்பில் எவ்வளவை ஏற்கிறார் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருக்கும்.

மற்றொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தென்மாநிலங்களில் யூகலிப்டஸ் மீதான எதிர்ப்பு நிலத்தடி நீரைப் பற்றியது. கர்நாடக அரசு 2017இல் புதிய யூகலிப்டஸ் நடவுக்குத் தடை விதித்ததும் அதன் பொருட்டே. லிக்னினைக் குறைப்பதால் அந்த வாதம் ஓர் அங்குலமும் நகரப்போவதில்லை. மறுபுறம், எதிர்ப்பாளர்கள் முன்வைக்கும் ஓர் அச்சம் இந்தியாவில் ஓரளவு தணிகிறது. ஐரோப்பாவில் பாப்லரின் காட்டு உறவுகள் ஆற்றங்கரைதோறும் உள்ளன; மகரந்தம் காற்றில் பறந்து அவற்றோடு கலக்கக்கூடும். இந்தியாவின் யூகலிப்டஸ், சூபாபுல் இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வந்தவை. கலப்பதற்கு இங்கே காட்டு உறவினர் இல்லை. பக்கத்து வயலில் நிற்கும் அதே இன மரத்தோடு கலப்பதைப் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சுகிறது.

சட்டத்தின் கதவு எவ்வளவு திறந்துள்ளது?

'மரபணு மாற்றம்', 'மரபணுத் திருத்தம்' எனும் இரு சொற்களையும் தமிழ்ச் செய்திகள் ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதிவிடுவதுண்டு. சட்டத்தின் முன் இவை வேறு வேறு. அயல் உயிரியின் மரபணுவைப் புகுத்தினால், 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். செடியின் சொந்த மரபணுவையே சிறிது திருத்தி, முடிவில் அயல் மரபணு எதுவும் எஞ்சாதிருந்தால், 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அளித்த விலக்கின்படி அக்குழுவின் நெடிய பாதையில் செல்ல வேண்டியதில்லை. இவ்வழியில்தான் மரபணு திருத்திய இரு நெல் வகைகள் 2025 மே மாதம் டெல்லியில் அறிமுகம் செய்யப்பட்டன.

மரத்துக்கும் இதே கதவு திறந்துள்ளதாகத் தோன்றும். நடைமுறை அவ்வளவு எளிதன்று. கிரிஸ்பர் கருவியைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல, பொதுவாக அக்கருவியின் மரபணுவையே முதலில் செடிக்குள் புகுத்துகிறார்கள். திருத்தம் முடிந்ததும் அதை அகற்ற வேண்டும். நெல்லில் அடுத்த தலைமுறை சில மாதங்களில் வந்துவிடும். அதில் கருவி நீங்கிய செடிகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். மரம் பூத்துக் காய்க்கவே ஆண்டுகள் ஆகும். மேலும், விதை வழியே செல்லும்போது தேர்ந்தெடுத்த தாய்மரத்தின் குணங்கள் சிதறிவிடும். நகல் முறையில் பெருக்குவதன் நோக்கமே கெட்டுவிடும். மரபணுவைப் புகுத்தாமல் புரதமாகவே கருவியைச் செலுத்தும் வழிகள் ஆய்வில் உள்ளன. அவை கைகூடும் வரை, திருத்திய காகித மரமும் மதிப்பீட்டுக் குழுவின் வாயிலில்தான் நிற்க வேண்டும்.

அந்த வாயிலின் நிலையும் உறுதியாக இல்லை. மரபணு மாற்றிய கடுகு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். எனினும், மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்துத் தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அக்கொள்கை வகுக்கப்படும்போது, நான்கு மாதத்தில் அறுவடையாகும் பயிருக்கான சோதனை விதிகளை ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரத்துக்கும் அப்படியே பொருத்துவதா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. யூகலிப்டஸ் வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒரு முறை நட்டால் இரண்டு மூன்று வெட்டுகள் வரை நிலத்தில் நிற்கும். நட்ட பின் குறை தெரிந்தால், விவசாயி அடுத்த பருவத்தில் விதையை மாற்றிக்கொள்வதுபோல் இங்கே மாற்ற இயலாது. வேரோடு பெயர்க்க வேண்டும். அதற்கும் செலவு உண்டு.

மரபணு மாற்றிய மரத்தை நிலத்தில் நட்டுப் பார்த்த முன்மாதிரி இந்தியாவில் ஒன்று உள்ளது. கேரளத்தில் எதிர்ப்பைச் சந்தித்த ரப்பர் வாரியத்தின் மரபணு மாற்று ரப்பர், 2021 ஜூனில் அசாமின் குவாஹாட்டி அருகே சருதாரியில் உள்ள வாரியப் பண்ணையில் சோதனைக்காக நடப்பட்டது. குளிரையும் வறட்சியையும் தாங்குமா என்று அறிவதே அதன் நோக்கம். காகித மரத்துக்கு அத்தகைய சோதனை இன்றே தொடங்கினாலும், சவுக்கில் முதல் வெட்டு வரை மூன்று நான்கு ஆண்டுகளும், யூகலிப்டஸில் அதனினும் கூடுதலாகவும் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆலை வாயிலில் எடைமேடை காட்டும் டன் கணக்கே விவசாயிக்கு விலையாகும்.